டிரில், கிரைண்டர் மக்கர் செய்கிறதா? அறிகுறியை வைத்துப் பழுதைப் பிடிக்கும் வழி

டிரில், ஆங்கிள் கிரைண்டர் மாதிரிக் கை மெஷின் ஒன்று ஓடாமல் போனால் பலரும் முதலில் சொல்வது "மோட்டார் போயிடுச்சு" என்பதுதான். ஆனால் மோட்டார் கடைசியாகப் போகிற சாமான். அதற்கு முன்னால் சாக்கெட், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், பிளக், ஒயர், சுவிட்ச், கார்பன் என்று ஒரு வரிசையே நிற்கிறது. இவற்றைப் பார்க்காமல் நேராகத் திருப்புளியை எடுத்துக்கொண்டு மெஷினைப் பிரிக்க உட்கார்ந்தால் பொழுதுதான் வீணாகும். சமயத்தில் நன்றாக இருந்த பாகமும் கெடும். அதனால் எந்த அறிகுறியாக இருந்தாலும் சுவரில் ஆரம்பித்து மெஷினுக்குள் போங்கள். மழுங்கிய பிட், மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயர், அளவுக்கு மீறிய அழுத்தம் இவையெல்லாம் மோட்டார் பழுது போலவே வேஷம் போடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

எதையும் தொடுவதற்கு முன் பிளக்கைப் பிடுங்குங்கள். மெஷின் சுவிட்சை அணைத்தது போதாது. பல மெஷின்களில் அந்தச் சுவிட்ச் இரண்டு கம்பிகளில் ஒன்றை மட்டும்தான் துண்டிக்கும். சாக்கெட்டில் ஃபேஸும் நியூட்ரலும் மாறி இருந்தால் அணைத்த மெஷினுக்குள்ளேயும் கரண்ட் நின்றுகொண்டிருக்கும். பிடுங்கிய பிளக் கண்ணெதிரே கிடக்கட்டும். வேறு யாராவது "ஏன் கழண்டு கிடக்கு" என்று உதவி செய்யும் எண்ணத்தில் சொருகிவிடுவது அபூர்வமான விஷயம் இல்லை. பேட்டரி மெஷின் என்றால் பேட்டரியைக் கழற்றித் தனியே வையுங்கள். பிட் மாற்றுவது, டிஸ்க் மாற்றுவது போன்ற சின்ன வேலைக்கும் இதே கதைதான்.

சுவிட்சை அழுத்தினால் சத்தமே இல்லை

முதலில் அதே சாக்கெட்டில் ஒரு டேபிள் விளக்கையோ சார்ஜரையோ போட்டுப் பாருங்கள். எரியவில்லை என்றால் எம்.சி.பி. (கரண்ட் அளவுக்கு மீறினால் விழும் சுவிட்ச்) விழுந்திருக்கலாம், ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் விழும் சுவிட்ச்) விழுந்திருக்கலாம். விழுந்ததைத் தூக்கிவிடுவதற்கு முன் ஏன் விழுந்தது என்று ஒரு நொடி யோசியுங்கள். அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன். விளக்கு எரிந்தால் எக்ஸ்டென்ஷன் பாக்ஸை விட்டுவிட்டு மெஷினை நேராகச் சுவர் சாக்கெட்டில் சொருகிப் பாருங்கள். பாதிப் புகார் இங்கேயே தீர்ந்துவிடும்.

அடுத்தது, சில கிரைண்டர்களில் தானாக ஓடத் தொடங்காமல் இருக்க ஒரு பாதுகாப்பு உண்டு. சுவிட்ச் ஆனில் இருக்கும்போது பிளக்கைச் சொருகினால் ஓடாது. அணைத்து மறுபடி போட்டால் ஓடும். இது பழுது இல்லை. சொல்லப்போனால் இது இல்லாத மெஷின்தான் பயப்பட வேண்டியது: கரண்ட் போன நேரத்தில் பூட்டிய சுவிட்சோடு மேசையில் வைத்துவிட்டுப் போனால், கரண்ட் வந்ததும் அது தானே ஓடிக் கீழே குதிக்கும். கரண்ட் போனால் முதல் வேலையாகச் சுவிட்சை விடுவிக்கும் பழக்கம் இருக்கட்டும்.

அதுவும் இல்லை என்றால் கார்பன், அதாவது மோட்டாரின் சுழலும் பாகமான ஆர்மேச்சருக்குக் கரண்டைக் கொண்டுபோகும் கரித்துண்டு. நிறைய மெஷின்களில் கார்பன் பிரஷ்ஷுக்குள் ஒரு சின்ன ஸ்பிரிங் முனை வைத்திருப்பார்கள். கார்பன் தேய்ந்து ஓர் அளவுக்கு வந்ததும் அந்த முனை வெளியே தள்ளி, கார்பனைக் கம்யூட்டேட்டரிலிருந்து (ஆர்மேச்சர் தண்டில் இருக்கும் செம்புப் பட்டை வளையம்) தூக்கிவிடும். நேற்று வரை நன்றாக ஓடிய மெஷின் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் பொசுக்கென்று செத்துப்போனால் நான் முதலில் சந்தேகிப்பது இதைத்தான்.

மல்டிமீட்டர் இருந்தால், பிளக் வெளியே இருக்கும்போது அதன் இரண்டு பின்களுக்கு நடுவே ஓம் பாருங்கள், சுவிட்சை முழுதாக அழுத்திக்கொண்டு. சில ஓம்களிலிருந்து சில பத்து ஓம்கள் வரை காட்டினால் ஒயர், சுவிட்ச், கார்பன், வைண்டிங் (மோட்டாரின் கம்பிச் சுருள்) எல்லாம் வரிசையாகத் தொடர்கின்றன என்று அர்த்தம். எதுவுமே காட்டாவிட்டால் எங்கோ துண்டு. ஆனால் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் எலக்ட்ரானிக் சுவிட்ச் உள்ள மெஷின், நன்றாக இருந்தாலும் மீட்டரில் துண்டு போலக் காட்டலாம். உள்ளே இருக்கும் டிரையாக் மீட்டரின் சின்ன வோல்டேஜுக்குத் திறக்காது. அதை நம்பி ஆர்மேச்சரைக் குறை சொல்லிவிடாதீர்கள்.

விட்டு விட்டு ஓடுகிறது, ஒயரை அசைத்தால் ஓடுகிறது

இதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. ஒயர் மெஷினுக்குள் நுழைகிற இடத்தில் ரப்பர் கழுத்து ஒன்று இருக்கும். அதற்கு ஒட்டியே நாலைந்து விரல்கட்டை தூரத்தில் உள்ளே கம்பி ஒடிந்திருக்கும். வெளித்தோல் பார்க்க நன்றாகவே இருக்கும். விரலால் மெல்ல வளைத்துக்கொண்டே வந்தால் ஓரிடத்தில் மட்டும் சொத சொதவென்று தொய்வது தெரியும். அங்கே வெட்டிப் பார்த்தால் செம்புக் கம்பி இழைகள் கறுத்து, பொடிப் பொடியாக உதிரும்; கடைசி நாலைந்து இழைகள்தான் மொத்தக் கரண்டையும் சுமந்து சூடாகிக்கொண்டிருந்திருக்கும்.

இதற்கு இன்சுலேஷன் டேப் மருந்து இல்லை. ஒடிந்த இடத்தைத் தாண்டி வெட்டி, ஒயரை அந்த அளவு குட்டையாக்கி, மெஷினுக்குள் மறுபடி இணையுங்கள். உள்ளே ஒயரை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் ஒன்று இருக்கும். அதை மறக்காமல் மாட்ட வேண்டும். இல்லாவிட்டால் ஒயரை இழுக்கும் ஒவ்வொரு முறையும் இழுவை முழுவதும் இணைப்பின் தலையில் விழும். அப்புறம், மெஷினை ஒயரைப் பிடித்துத் தூக்குகிறவர் யார் என்று கண்டுபிடியுங்கள். அந்தப் பழக்கம் போகாமல் இந்தப் பழுதும் போகாது.

தொட்டால் சுர்ரென்கிறது, ஆர்.சி.சி.பி. விழுகிறது

இந்த ஒன்றுக்கு மட்டும் "கையில் இருக்கும் வேலையை முடித்துவிட்டுப் பார்ப்போம்" என்ற பேச்சே கூடாது. ரப்பர் செருப்புப் போட்டிருந்ததால் லேசாகச் சுர்ரென்றது. அதே மெஷினை ஈரத் தரையில் நின்றோ, இரும்புக் குழாயை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டோ தொட்டால் கதை வேறு.

எண்களைப் பார்த்தால் புரியும். உடம்பில் 1 மில்லி ஆம்பியர் அளவுக்குப் பாய்ந்தால் உணர முடியும். 10 மில்லி ஆம்பியரை நெருங்கும்போது தசை இறுகி, பிடித்ததை விட முடியாமல் போகலாம். அதைத் தாண்டினால் மூச்சும் இதயத் துடிப்பும் தடுமாறும் ஆபத்து. ஆட்களைக் காப்பதற்காக மாட்டும் ஆர்.சி.சி.பி. 30 மில்லி ஆம்பியர் கசிவில் விழும்படி வைத்திருப்பது இதனால்தான். சாதாரண எம்.சி.பி. இதில் உதவாது. 16 ஆம்பியர் எம்.சி.பி. என்றால் 16,000 மில்லி ஆம்பியர் வரை அது வாயைத் திறக்காது. அது ஒயரைக் காப்பாற்றும், உங்களைக் காப்பாற்றாது. ஆர்.சி.சி.பி.யும் சகலரோக நிவாரணி அல்ல: ஒரு கை ஃபேஸிலும் மறு கை நியூட்ரலிலும் பட்டால் அதற்கு நீங்களும் ஒரு பல்பும் ஒன்றுதான், விழாது. அதில் இருக்கும் டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.

இப்போது மெஷினின் பெயர்த்தகட்டைப் பாருங்கள். ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சின்னச் சதுரம் போட்டிருந்தால் அது இரட்டை இன்சுலேஷன் மெஷின். இதற்கு எர்த் கிடையாது, ஒயரில் இரண்டே கம்பி, அது சரிதான். அந்தக் குறி இல்லாமல் உலோக உடம்பு இருந்தால் மூன்று கம்பி ஒயரும் எர்த் பின்னும் கட்டாயம். குறியும் இல்லை, ஒயரும் இரண்டு கம்பி என்றால் யாரோ கிடைத்த ஒயரை மாட்டியிருக்கிறார்கள். சரியான ஒயர் போடும்வரை அந்த மெஷின் அலமாரியில் இருக்கட்டும். சாக்கெட்டில் நுழையவில்லை என்று எர்த் பின்னை வெட்டிய பிளக்குக்கும் இதே தீர்ப்பு.

இரட்டை இன்சுலேஷன் மெஷினில் ஷாக் அடித்தால் பெரும்பாலும் காரணம் தூசி. கார்பன் தேய்ந்து விழும் கறுப்புத் தூளும், கிரைண்டர் உறிஞ்சும் இரும்புத் தூளும் கரண்ட் கடத்தும். அவை உள்ளே படிந்து, கொஞ்சம் ஈரமும் சேர்ந்தால் கசிவுக்கு வழி கிடைத்துவிடும். மழையில் நனைந்த மெஷினும் அப்படித்தான். காற்றடித்துச் சுத்தம் செய்து நன்றாக உலரவிட்டாலே பல மெஷின்கள் தேறும். தேறியதா என்று சாதாரண மல்டிமீட்டரால் உறுதியாகச் சொல்ல முடியாது, சில வோல்ட்டில் ஒழுகாத இன்சுலேஷன் 230 வோல்ட்டில் ஒழுகலாம். இன்சுலேஷனை அளக்கும் 500 வோல்ட் மெக்கர் வைத்துப் பார்க்கிற கடையில் கொடுத்துப் பாருங்கள். எர்த் உள்ள மெஷினுக்கு 2 மெகா ஓம், இரட்டை இன்சுலேஷனுக்கு 7 மெகா ஓம் என்பது பழுது பார்ப்பவர்கள் வழக்கமாக வைக்கும் கீழ் எல்லை.

ஆர்.சி.சி.பி. எப்போது விழுகிறது என்பதிலும் துப்பு இருக்கிறது. பிளக்கைச் சொருகியதுமே என்றால் ஒயரிலோ சுவிட்சிலோ கசிவு. சுவிட்சை அழுத்தியதும் என்றால் வைண்டிங் பக்கம். பத்து நிமிஷம் ஓடிச் சூடேறிய பிறகு என்றால் இன்சுலேஷன் தளர்ந்து வருகிறது. சுவரில் துளைபோடும்போது அந்தக் கணத்தில் மட்டும் விழுந்தால் மெஷின் குற்றவாளி இல்லை. பிட் உள்ளே போன ஒயரைத் தொட்டிருக்கிறது. சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலும் நேர் கீழும் துளைபோடுவதைத் தவிர்ப்பதற்குக் காரணம் இதுதான்.

உள்ளே தீப்பொறி பறக்கிறது

காற்றுத் துளை வழியே பார்த்தால் கார்பன் முனையில் சின்னச் சின்ன நீலப் பொறி தெரியும். அது இயல்பு. கவலைப்பட வேண்டியது, பொறி மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ நீண்டு, கம்யூட்டேட்டரைச் சுற்றி வளையம் போல ஓடும்போது.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பக்கவாட்டு மூடியைத் திருகி, கார்பன்களை வெளியே எடுங்கள். எது எந்தப் பக்கம், எப்படித் திரும்பியிருந்தது என்று குறித்துக்கொண்டே எடுப்பது நல்லது. நல்ல கார்பனின் முனை, கம்யூட்டேட்டரின் வளைவுக்கு ஏற்ப லேசாகக் குழிந்து, சாம்பல் நிறத்தில் பளபளவென்று இருக்கும். ஓரம் பொரிந்திருந்தால், ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால், செம்புப் பின்னல் நீலம் பாரித்திருந்தால் அது சூட்டில் அவதிப்பட்டிருக்கிறது. நீளம் 5, 6 மில்லிமீட்டருக்குக் கீழே வந்தாலோ, பக்கத்தில் போட்டிருக்கும் கோட்டைத் தொட்டாலோ மாற்ற வேண்டியதுதான். ஒன்று நன்றாக இருந்தாலும் ஜோடியாக மாற்றுங்கள். கிடைத்த பெரிய கார்பனை உரசி அளவுக்குக் கொண்டுவந்து போடுவதைப் பார்த்திருக்கிறேன். கூட்டுக்குள் அது சிக்கினால் ஸ்பிரிங்கால் தள்ள முடியாது, ஆர்மேச்சர்தான் பலியாகும்.

புதுக் கார்பன் போட்டதும் கொஞ்ச நேரம் கூடுதலாகப் பொறி வரும். லோடு இல்லாமல் பத்து நிமிஷம் ஓடவிட்டால் முனை வளைவுக்குப் படிந்து அடங்கிவிடும்.

அடங்கவில்லை என்றால் அந்தத் துளை வழியாகவே கம்யூட்டேட்டரைப் பாருங்கள், ஆர்மேச்சரைக் கையால் மெல்லச் சுற்றிக்கொண்டே. ஒரே சீரான காப்பி நிறம் என்றால் ஆரோக்கியம். மேலாகக் கறுப்பேறியிருந்தால் நுண்ணிய உப்புத்தாளால் லேசாகத் துடைத்து, பட்டைகளுக்கு நடுவே சேர்ந்த தூளைச் சுரண்டி எடுக்கலாம். எமரித் தாள் வேண்டாம், அதன் துகள் செம்பில் பதிந்து கார்பனை அரிக்கும். அக்கம்பக்கத்தில் இரண்டு பட்டைகள் மட்டும் கருகிக் குழிந்திருந்தால் அந்த இடத்துக் காயில் அறுந்துவிட்டது. அப்போதுதான் "ஆர்மேச்சர் போச்சு" என்று சொல்ல உரிமை உண்டு.

ஒரு எச்சரிக்கை: நல்ல மெஷினிலும் இந்தப் பொறி எப்போதும் இருக்கிறது. தின்னர், பெட்ரோல், வார்னிஷ் வாசனை அடிக்கிற அறையில் கார்பன் உள்ள எந்த மெஷினையும் ஓட்டக் கூடாது.

சூடாகிறது, கருகல் வாசனை, வலு இல்லை

இவை மூன்றும் அண்ணன் தம்பிகள். மோட்டாரைக் குளிரவைக்கும் விசிறி அதே ஆர்மேச்சர் தண்டில்தான் இருக்கிறது. வேகம் குறைந்தால் காற்றும் குறையும். வேகத்தைக் குறைத்து வைத்து, உடம்பு பாரத்தைப் போட்டு அழுத்திப் பெரிய துளை போட்டால் கரண்ட் கூடுகிறது, காற்று குறைகிறது, வைண்டிங் வார்னிஷ் வேகிறது. சூடாகிவிட்டால் உடனே அணைத்து மூலையில் வைக்காதீர்கள். லோடு இல்லாமல் முழு வேகத்தில் ஓரிரு நிமிஷம் ஓடவிடுங்கள், விசிறியே ஆற்றிவிடும். புகை வந்தால் மட்டும் உடனே பிளக்கைப் பிடுங்குங்கள்.

அழுத்தம் ஏன் தேவைப்பட்டது என்று பாருங்கள். மழுங்கிய பிட்டும், மண்டிப்போன ரம்பப் பல்லும்தான் முதல் காரணம். நல்ல பிட் இரும்பில் சுருள் சுருளாகச் சீவும். மழுங்கியது தூளாக்கும், கீச்சிடும், நீலம் பாரிக்கும்.

இரண்டாவது காரணம் எக்ஸ்டென்ஷன் ஒயர், இதை யாரும் சந்தேகிப்பதே இல்லை. 2,000 வாட் கிரைண்டர் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 9 ஆம்பியர் எடுக்கும். 0.75 சதுர மில்லிமீட்டர் ஒயரை 50 மீட்டர் இழுத்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். போக வர 100 மீட்டர் செம்பு, தடை சுமார் 2.3 ஓம். அதில் மட்டும் 21 வோல்ட் காணாமல் போகிறது, மெஷினுக்குக் கிடைப்பது 209. அந்த 21 வோல்ட் எங்கே போனது? கிட்டத்தட்ட 190 வாட் சூடாக ஒயருக்குள். அந்த ஒயர் ரீலில் சுற்றியபடியே இருந்தால் சூடு வெளியேற வழியில்லாமல் உள்சுற்றுகள் உருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதே நீளத்துக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டால் இழப்பு 6 வோல்ட் சொச்சம்தான். எவ்வளவு நீளம் தேவைப்பட்டாலும் ரீலை முழுதாகப் பிரித்துப் போட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

மூன்றாவது, காற்றுத் துளை அடைப்பு. மரத்தூளும் சிமென்ட் தூளும் அடைத்திருந்தால் லோடு இல்லாமல் ஓடவிட்டு உலர்ந்த காற்றடித்து ஊதுங்கள், கண்ணாடியும் மாஸ்க்கும் போட்டுக்கொண்டு. வெளி உடம்பைச் சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்தால் போதும். தின்னர் பட்டால் பிளாஸ்டிக் விரிசல் விடும்.

டிரில் சத்தம் போடுகிறது, சுவரில் இறங்கவில்லை

சிரிக்காதீர்கள், முதலில் திசை மாற்றும் பட்டனைப் பாருங்கள். ரிவர்ஸில் ஓடும் மேசன்ரி பிட் சுவரைத் தேய்த்துப் பளபளப்பாக்கும், துளைக்காது. அடுத்து சுத்தியல் படம் போட்ட குமிழ் ஹாமர் நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள்.

சாதாரண ஹாமர் டிரில்லும் ரோட்டரி ஹாமரும் ஒன்றல்ல என்பதும் பலருக்குக் குழப்பம். முதலாவது பல் வைத்த இரண்டு வட்டுகள் உரசித் துள்ளுவதால் அடிக்கிறது, அழுத்தினால்தான் அடிக்கும். இரண்டாவதில் பிஸ்டன் காற்றை அமுக்கி அந்தக் காற்றே அடியைக் கொடுக்கிறது; அளவாகப் பிடித்தால் போதும், அழுத்த அழுத்த அடி குறையும். ரோட்டரி ஹாமர் சுற்றுகிறது, அடிக்கவில்லை என்றால், குளிரில் கிரீஸ் இறுகியிருக்கலாம். சில நிமிஷம் ஓடவிட்டுப் பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால் உள்ளே ஓ-ரிங் தேய்ந்து காற்று கசிகிறது. ரோட்டரி ஹாமரில் சொருகும் எஸ்.டி.எஸ். பிட்டின் வால் பகுதியில் ஒவ்வொரு முறையும் துளி கிரீஸ் தடவுங்கள்.

நன்றாக இறங்கிக்கொண்டிருந்த பிட் திடீரென்று ஒரே ஆழத்தில் நின்றுவிட்டால் கான்கிரீட்டுக்குள் கம்பி. விடாமல் அழுத்தினால் பிட்டின் கார்பைடு முனை தெறிக்கும். துளையை இரண்டு விரல் தள்ளிப் போடுங்கள்.

கிரைண்டர் அதிர்கிறது

கையில் வைத்திருப்பதிலேயே கிரைண்டர்தான் மன்னிக்காத மெஷின். டிஸ்க் மாற்றியதும் அதிர்வு புதிதாக வந்தால் அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, டிஸ்க்கைக் கழற்றுங்கள். நட்டையும், டிஸ்க்கைத் தாங்கும் ஃபிளாஞ்சையும் சேர்த்துக் கழற்றிவிட்டு வெறும் தண்டோடு ஒரு நொடி ஓட்டிப் பாருங்கள். அதிர்வு போய்விட்டால் குறை டிஸ்க்கிலோ அதை உட்காரவைத்த விதத்திலோ இருக்கிறது. இன்னும் அதிர்ந்தால், அல்லது கரகரவென்ற சத்தம் வந்தால், பேரிங்கோ கியரோ தண்டோ. பேரிங் உடைந்தால் ஆர்மேச்சர் தன்னைச் சுற்றி இருக்கும் அசையாத ஃபீல்டில் உரசும், அத்தோடு முடிந்தது.

உட்காரவைப்பதில் அடிக்கடி நடக்கும் கோளாறு துளை அளவு. 100 மில்லிமீட்டர் டிஸ்க்குகளின் துளை பெரும்பாலும் 16 மில்லிமீட்டர். 115 முதல் 230 வரை உள்ளவற்றுக்கு 22.23. பெரிய துளை டிஸ்க்கைச் சின்ன ஃபிளாஞ்சில் மாட்டி இறுக்கினால் மையம் விலகி, அதிரத்தான் செய்யும். இடைவெளியை டேப் சுற்றிச் சரிக்கட்டுவது வேண்டாம்.

டிஸ்க்கின் நடுவில் இருக்கும் உலோக வளையத்தைக் கூர்ந்து பாருங்கள். அதில் வி என்ற ஆங்கில எழுத்தோடு மாதமும் வருஷமும் பொறித்திருந்தால் அது காலாவதித் தேதி. ரெசினால் ஒட்டிய டிஸ்க் நாளாக ஆக, ஈரம் பட வலுவிழக்கும். ஐரோப்பியத் தரப்படி தயாரித்த நாளிலிருந்து 3 ஆண்டுகள்தான் அதற்கு வாழ்வு. கீழே விழுந்த டிஸ்க், ஓரம் சில்லுப் பெயர்ந்த டிஸ்க், நனைந்து உலர்ந்த டிஸ்க் எல்லாம் குப்பைக்கு.

வேகமும் அங்கேயே எழுதியிருக்கும். பெரும்பாலான டிஸ்க்குகளின் விளிம்பு நொடிக்கு 80 மீட்டர் வேகத்துக்குச் செய்யப்பட்டவை. 125 மில்லிமீட்டர் டிஸ்க்குக்கு அது சுமார் 12,200 ஆர்.பி.எம்., 230 மில்லிமீட்டருக்கு 6,600 சொச்சம். சின்னக் கிரைண்டரின் கார்டை (டிஸ்க்கை மூடியிருக்கும் காப்பு) கழற்றிவிட்டு, தேய்ந்து சிறுத்த பெரிய டிஸ்க்கையோ புதுப் பெரிய டிஸ்க்கையோ மாட்டுகிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்: 11,000 ஆர்.பி.எம். கிரைண்டரில் 230 மில்லிமீட்டர் டிஸ்க்கின் விளிம்பு நொடிக்கு 132 மீட்டரில் பறக்கும். சிதறும் துண்டைத் தடுக்க அங்கே கார்டும் இருக்காது. மரம் அறுக்கும் பல் பிளேடைக் கிரைண்டரில் மாட்டுவதும் இதே ரகம். அதை எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள்.

புது டிஸ்க் போட்டதும் அதன் நேர்கோட்டில் நிற்காமல் பக்கவாட்டில் நின்று, ஒரு நிமிஷம் சும்மா ஓடவிட்டு, அப்புறம் வேலையில் வையுங்கள்.

வெட்டும்போது உதறுகிறது, கையை முறுக்குகிறது

டிஸ்க்கோ ரம்பமோ வெட்டில் இறுகும்போது மெஷின் பின்னால் எகிறும். காரணம் பெரும்பாலும் நாம் முட்டுக் கொடுத்த இடம். பலகையின் இரண்டு முனைகளையும் தாங்கி நடுவில் வெட்டினால் வெட்டு மூடிக்கொண்டு பிளேடைக் கவ்வும். வெட்டு விரியும்படி, வெட்டிப்போகும் துண்டு தொங்கி விழும்படி முட்டுக் கொடுங்கள். மெல்லிய கட்டிங் டிஸ்க்கைப் பக்கவாட்டில் வைத்துத் தேய்க்கக் கூடாது, வெட்டும்போது வளைக்கவும் கூடாது.

டிரில்லில் இதே தொல்லை வேறு உருவில் வரும். பிட் வெளியே துளைத்துக்கொண்டு வரும் அந்தக் கடைசி மில்லிமீட்டரில் சிக்கி, மெஷினே சுற்றும். அங்கே அழுத்தத்தைத் தளர்த்துங்கள், பக்கக் கைப்பிடியைப் பிடியுங்கள். சுற்றும் பிட்டின் அருகே துணிக் கையுறை வேண்டாம், தொங்கும் சட்டைக் கையும் வேண்டாம்.

பிட் நழுவுகிறது, டிஸ்க் நட்டு கழலவில்லை

பிட்டைக் கவ்வும் சக்கை (chuck) ஒரே துளையில் சாவி போட்டு இறுக்கிவிட்டு விடுகிறோம். மூன்று துளையிலும் போட்டு இறுக்கினால் மூன்று தாடையும் ஒரே சீராகப் பிடிக்கும். சக்கையே கழற்ற வேண்டுமானால், ரிவர்ஸ் உள்ள டிரில்லில் சக்கின் வாய்க்குள் அடியில் ஒரு திருகாணி இருக்கும். அது இடது மரை. கழற்ற வலப்பக்கம் திருப்ப வேண்டும். இது தெரியாமல் தலையைச் சிதைத்தவர்கள் ஏராளம்.

கிரைண்டர் நட்டு இறுகிவிட்டால், பூட்டுப் பொத்தானை அழுத்தி, ஸ்பேனரால் நிதானமாகத் திருப்புங்கள். மசியவில்லை என்றால் டிஸ்க்கை இடுக்கியால் ஓரத்திலிருந்து ஒடித்து எடுத்துவிட்டால் நட்டின் மேலிருந்த இறுக்கம் போய், சுலபமாகக் கழலும். டிஸ்க் சுற்றிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பொத்தானை அழுத்தி நிறுத்துவதுதான் கியர் பெட்டி உடைவதற்கு நேர்வழி.

விரலை எடுத்தும் ஓடிக்கொண்டே இருக்கிறது

பூட்டுப் பட்டன் சிக்கியிருக்கலாம், ஒருமுறை அழுத்தி விடுங்கள். நிற்கவில்லையா, பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சின் முனைகள் ஒட்டிப்போயிருக்கும், அல்லது தூசி அடைத்திருக்கும். சுவிட்சை மாற்றுவது தவிர வேறு வழியில்லை. "எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் சுவிட்சில் போட்டு அணைத்துக்கொள்ளலாம்" என்பது வேண்டவே வேண்டாம்.

பேட்டரி மெஷின்

பெயர்த்தகட்டில் 18 வோல்ட், 20 வோல்ட் என்று இருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். இரண்டிலும் பொதுவாக 3.6 வோல்ட் லித்தியம் செல்கள் ஐந்துதான் இருக்கும். ஐந்தும் முழுதாக ஏறினால் 21 வோல்ட் காட்டும், வேலை செய்யும்போது 18.

சார்ஜர் விளக்கு மின்னி மறுத்தால் பேட்டரி சூடாக இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். வேலை முடிந்த கையோடு சொருகினால் பல சார்ஜர்கள் ஆறும்வரை காத்திருக்கும். உறைநிலைக்குக் கீழே குளிர்ந்த லித்தியம் பேட்டரியையும் சார்ஜ் செய்யக் கூடாது, உள்ளே உலோக லித்தியம் படிந்து அது நிரந்தரமாகக் கெடும். சூடும் இல்லை, குளிரும் இல்லை என்றால் முனைகளை உலர்ந்த துணியால் துடைத்துப் பாருங்கள். மாதக்கணக்கில் காலியாகவே கிடந்த பேட்டரியைச் சார்ஜர் ஏற்காது. இன்னொரு பேட்டரியிலிருந்து ஒயர் கொடுத்து அதை எழுப்பும் வித்தை பல இடங்களில் சொல்லப்படுகிறது. சார்ஜர் மறுத்ததே செல்களின் நிலை தெரிந்துதான். அதைத் தாண்டிப் போவது தீயோடு விளையாட்டு. வீங்கிய பேட்டரி, நீரில் விழுந்த பேட்டரி, பிளந்த பேட்டரி எதையும் சார்ஜ் செய்யாமல், பேட்டரி சேகரிக்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள். நீண்ட நாள் எடுத்துவைக்கும்போது பாதி சார்ஜில், நிழலான இடத்தில்.

பிரித்து மூடிய பிறகு

மூடியைப் பூட்டுவதற்கு முன் ஒயர் எதுவும் ஓட்டின் விளிம்புக்கு நடுவே நசுங்கவில்லையா, விசிறி இறக்கையில் உரசவில்லையா என்று பாருங்கள். திருகுகளை முழுதாக முடுக்கி, பிளக் இல்லாமலே தண்டைக் கையால் ஒருசுற்றுச் சுற்றுங்கள். எங்கும் தட்டாமல், இழுக்காமல் வர வேண்டும். ஆர்.சி.சி.பி. உள்ள சாக்கெட்டில் சொருகி, டிஸ்க்கோ பிட்டோ மாட்டாமல், உடம்பை விட்டுத் தள்ளிப் பிடித்து ஒரு நிமிஷம் ஓட்டுங்கள். வாசனை, சத்தம், பொறி மூன்றும் சரி என்றால் கருவியை மாட்டி, முதலில் ஒரு கழிவுத் துண்டில் வெட்டிப் பாருங்கள். ஏதாவது ஒன்று இடித்தாலும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மறுபடி திறக்க வேண்டியதுதான்.